சி.எஃப். உடம்பில் ஹார்மோன் எண்கள்: எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சி.எஃப்., உடம்பின் சுரப்புகள் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் பிறவி மரபணு நோய்) என்றதும் பேச்சு சளி, நெபுலைசர், பிசியோதெரபி என்றே போகும். ஹார்மோன் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. திரும்பினாலும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் லேப் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ வரம்பைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த வரம்பு, கணையம் ஒழுங்காக வேலை செய்கிற, வியர்வையில் உப்பு அளவோடு போகிற, அடிக்கடி ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் எடுக்காத உடம்புகளை வைத்துப் போட்டது. சி.எஃப். உள்ளவருக்கு அதே எண் வேறு அர்த்தம் தரும். எந்த நேரத்தில், எந்த நிலையில், எந்த மருந்து உள்ளே இருக்கும்போது ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை நம்பி மருந்தை மாற்றக் கூடாது. பெற்றோர்களையும், சி.எஃப். குழந்தையை எப்போதோ ஒருமுறை பார்க்கும் ஊர் டாக்டர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

நம் ஊருக்கு வெயில்தான் முதல் பாடம் என்பதால் உடம்பில் உப்பைக் காக்கும் ஹார்மோனான அல்டோஸ்டிரோனில் தொடங்குகிறேன்.

வெயில் காலத்தில் யாருக்கும் வியர்வை கூடும். ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டிரோனைக் கூட்டும், வியர்வைக் குழாய் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சும், வியர்வையில் உப்பு குறையும். சி.எஃப். உடம்பில் இந்தப் பழக்கம் சரியாக நடப்பதில்லை. 7ஆம் குரோமோசோமில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர். மரபணு (1989இல் கண்டறியப்பட்டது) உருவாக்கும் குளோரைடு வாய்க்கால்தான் பழுது. குளோரைடு திரும்பாதபோது சோடியமும் பெரிதாகத் திரும்பாது. அல்டோஸ்டிரோன் எவ்வளவு ஏறினாலும் வியர்வைக் குழாய் அதற்குப் பணிவதில்லை. ஆனால் சிறுநீரகம் பணிகிறது. சோடியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் அமிலத்தையும் வெளியே தள்ளுகிறது. இந்த உப்பு இழப்பைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு வெயில்தான். 1948இல் நியூயார்க்கில் அடித்த வெப்ப அலையில் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சி.எஃப். குழந்தைகள் அதிகமாக இருந்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப்போன பால் டி சாந்தானியேஸே குழுவினர் 1953இல் வியர்வை உப்பைப் பற்றி எழுதினார்கள்.

இங்கே அது எப்படி வரும் என்றால்: ஏப்ரல், மே மாதம். நான்கைந்து மாதக் குழந்தை. வாந்தி, பால் குடிக்க மறுப்பு, துவண்டுபோய்க் கிடக்கும், எடை ஏறவில்லை. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் குறைவு, பைகார்பனேட் அதிகம். அடுத்த கட்டமாக ரெனின் (அல்டோஸ்டிரோனைத் தூண்டுவது), அல்டோஸ்டிரோன் பார்த்தால் இரண்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். உடனே ‘பார்ட்டர் சிண்ட்ரோம்’ என்று எழுதிவிடுவது சுலபம். பார்ட்டரில் சிறுநீரகமே உப்பைக் கசியவிடுகிறது. சி.எஃப்.இல் உப்பு தோல் வழியாகப் போகிறது, சிறுநீரகம் அதைக் கஞ்சத்தனமாகக் காப்பாற்றுகிறது. எனவே பிரித்துக் காட்டுவது ரெனின் அல்ல, சிறுநீரில் இருக்கும் குளோரைடு. சலைன் ஏற்றுவதற்கு முன் பிடித்த சிறுநீரில் குளோரைடு லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் பார்ட்டர் என்ற எண்ணத்தை ஓரம் வைக்கலாம். சலைன் ஏறிய பிறகு எடுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு சிறு பாட்டில் சிறுநீர், மலிவான பரிசோதனை. ஆனால் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான். விடாத வாந்தியாலும் சிறுநீர்க் குளோரைடு குறையும் என்பதால் கடைசித் தீர்ப்பு வியர்வைப் பரிசோதனையிடம்தான்.

அந்தப் பரிசோதனையில் வியர்வைக் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் சி.எஃப்., 30 முதல் 59 வரை சந்தேக எல்லை, 30க்குக் கீழே வாய்ப்புக் குறைவு. குழந்தைக்கு நீர்ச்சத்து தேறிய பிறகு செய்ய வேண்டும். இதிலும் ஹார்மோன் குறுக்கே வரும். சிகிச்சை பெறாத தைராய்டு குறைபாடும் அட்ரினல் குறைபாடும் சி.எஃப். இல்லாத குழந்தைக்கே வியர்வைக் குளோரைடை ஏற்றிக் காட்டும். உடம்பில் வீக்கம் இருந்தால் உள்ள நோயையும் மறைத்துவிடும். வேலூர் சி.எம்.சி., டில்லி எய்ம்ஸ் போன்ற சி.எஃப். பழக்கமுள்ள மையங்களில் செய்துகொள்வது நல்லது. சேகரித்த வியர்வை போதாமல் வந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதைவிட மறுபடி செய்வது மேல்.

பார்ட்டர் என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஸ்பைரனோலாக்டோன் கொடுப்பார்கள். அது அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மருந்து. ஏற்கெனவே உப்பு வடிந்துகொண்டிருக்கும் குழந்தையிடம் சிறுநீரகம் காப்பாற்றிவைத்த உப்பையும் பறித்துவிடும். உண்மையான மருந்து உப்புதான். அமெரிக்க சி.எஃப். ஃபவுண்டேஷன் வழிகாட்டுதலில், பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குத் தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு சாப்பாட்டு உப்பு, ஆறு மாதத்துக்கு மேல் கால் தேக்கரண்டி. இதை ஒரே வேளையில் கொட்டாமல் பால், கஞ்சியோடு பிரித்துக் கொடுக்க வேண்டும். சென்னை மே மாதத்துக்கு அது போதுமா என்பதைச் சிறுநீர் சோடியம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். உப்பும் பொட்டாசியமும் திரும்பிய பிறகு ரெனினும் அல்டோஸ்டிரோனும் தானாக இறங்கும். இறங்கவில்லை என்றால் கொடுக்கும் உப்பு இன்னும் போதவில்லை, அல்லது நோயே வேறு.

அடுத்தது இன்சுலின். சி.எஃப்.இல் அதிகம் பேரைத் தொடுவதும், ஊர் வைத்தியத்தில் அதிகம் கெடுவதும் இதுதான். அமெரிக்கத் தரவுகளில் பதின்வயதினரில் சுமார் 20 சதவீதம், பெரியவர்களில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு சி.எஃப். சார்ந்த நீரிழிவு வருகிறது. கெட்டியான சுரப்பு கணையக் குழாய்களை அடைத்து, கணையம் நார்த்தழும்பாகவும் கொழுப்பாகவும் மாறுகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களும் குறைகின்றன. சாப்பிட்ட உடனே வர வேண்டிய முதல் அலை இன்சுலின் முதலில் போகும். வெறும் வயிற்றுச் சர்க்கரை பல வருடம் ஒழுங்காகவே இருக்கும். அதனால்தான் ‘ஃபாஸ்டிங் 88, பிரச்சினை இல்லை’ என்ற ரிப்போர்ட்டுக்கு இங்கே அர்த்தமில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் இங்கே கைகொடுக்காது. 6.5க்கு மேல் வந்தால் நம்பலாம், 5.6 வந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது, இந்த நோயில் அது பொய்யாகக் குறைந்து காட்டும்.

செய்ய வேண்டியது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் ஜி.டி.டி., 10 வயதிலிருந்து வருடம் ஒருமுறை. இதில் கெடுவது பெரும்பாலும் லேப் கவுன்டரில். எல்லோருக்கும் 75 கிராம் கலக்கிக் கொடுப்பார்கள். சரியான அளவு கிலோவுக்கு 1.75 கிராம், உச்சவரம்பு 75. 24 கிலோ பிள்ளைக்கு 42 கிராம்தான். 43 கிலோவிலிருந்து முழு 75. அந்தக் கணக்கு நீரற்ற குளுக்கோஸுக்கு. பாக்கெட்டில் ‘மோனோஹைட்ரேட்’ என்றிருந்தால் பத்து சதவீதம் கூட்ட வேண்டும்: 75க்குப் பதில் 82.5 கிராம். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், வாந்தி எடுத்தால் அன்றைய பரிசோதனை செல்லாது. எட்டு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் மூன்று தடவை: குடிக்கும் முன், 1 மணி, 2 மணி. பல லேப்களின் பேக்கேஜில் நடுவில் உள்ளது இருக்காது, காசு கட்டும்போதே கேட்டு வாங்குங்கள். சாம்பல் மூடி ஃப்ளூரைடு குழாயில்தான் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து வெயிலில் பைக்கில் கொண்டுபோனால் ரத்த அணுக்களே ஒரு மணி நேரத்தில் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். சூட்டில் இன்னும் வேகமாக. 204 என்று வர வேண்டியது 190 ஆகி, நீரிழிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

2 மணி எண் 200 அல்லது அதற்கு மேல் என்றால் சி.எஃப். நீரிழிவு. 140 முதல் 199 வரை சர்க்கரைத் தாங்குதிறன் குறைவு. 2 மணியில் 140க்குள் வந்து, 1 மணியில் 200ஐத் தாண்டியிருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும், அடுத்து வரப்போவதன் அறிகுறி அது. ஃபாஸ்டிங் 126ஐத் தொட்டாலும் நீரிழிவு எல்லைதான். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே நாள் எண்ணை வைத்து முத்திரை குத்தாமல் இன்னொரு நாள் உறுதி செய்துகொள்வது முறை. பரிசோதனையை நெஞ்சு நோய் இல்லாத, ஸ்டீராய்டு எடுக்காத காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போது சர்க்கரை ஏறினால், ஃபாஸ்டிங் 126 அல்லது சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 200 என்பது 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இரவில் குழாய் வழி உணவு போகிறவர்களுக்கு உணவின் நடுவிலும் முடிவிலும் பார்க்க வேண்டும். இரண்டு இரவு 200ஐத் தாண்டினால் போதும். ஜி.டி.டி. முடிந்து கிளம்பும்போது இட்லியோடு முட்டையோ வேர்க்கடலையோ சாப்பிடக் கொடுங்கள். தாமதமாக வரும் இன்சுலின் மூன்றாவது மணியில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானும் சரியாக வராததால் உடம்பு தானாக மீள்வது மந்தம். பஸ்ஸில் மயக்கம் வரும் நேரம் அது.

சிகிச்சை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். ‘சாதத்தைக் குறை, இனிப்பை நிறுத்து, எடையைக் குறை’ என்ற டைப் 2 அறிவுரை சி.எஃப். பிள்ளைக்குக் கேடு. எடையும் நுரையீரல் திறனும் நீரிழிவு தெரியவருவதற்குச் சில வருடம் முன்பிருந்தே சரியத் தொடங்குகின்றன. காரணம், இன்சுலின் சர்க்கரையை இறக்கும் மருந்து மட்டுமல்ல. தசையைக் கட்டும் ஹார்மோன். ஃபாஸ்டிங் சரியாக இருந்தவர்களுக்கே சாப்பாட்டு நேர இன்சுலின் கொடுத்தபோது இறங்கிக்கொண்டிருந்த எடை திரும்பியது என்று 2009இல் வெளியான சோதனை காட்டியது. வழிகாட்டுதல்கள் சொல்லும் சிகிச்சை இன்சுலின்தான், மெட்ஃபார்மின் அல்ல. வழக்கமான தொடக்கம் 15 கிராம் மாவுச்சத்துக்கு அரை முதல் ஒரு யூனிட் வேகமாக வேலை செய்யும் இன்சுலின். வெந்த சாதம் 150, 160 கிராமில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும், அதாவது ஒன்றரை முதல் மூன்று யூனிட். எங்கே நிறுத்துவது என்பதை சர்க்கரை அளவு பார்த்து டாக்டர் சொல்வார். காலையில் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) எடுக்கும் நாட்களில் சர்க்கரை மதியமும் மாலையும்தான் ஏறும். இரவு இன்சுலினைக் கூட்டினால் விடியற்காலை தாழ்சர்க்கரை, மாலையில் பழையபடி 300. நடுத்தர நேரம் வேலை செய்யும் என்.பி.ஹெச். இன்சுலினைக் காலை வேளையில் அந்த மாத்திரையோடு பொருத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. கணைய என்சைம் காப்ஸ்யூலை மறந்தாலோ சாப்பாடு முடிந்து எடுத்தாலோ சர்க்கரை கூடுதலாக ஏறும். கொழுப்பு செரிக்காதபோது வயிறு சீக்கிரம் காலியாகிவிடும். இன்சுலினைத் தூண்டக் குடலிலிருந்து வர வேண்டிய ஜி.எல்.பி.1, ஜி.ஐ.பி. ஹார்மோன்களும் சரியாகச் சுரக்காது. இன்சுலின் அளவைக் கூட்டும் முன் காப்ஸ்யூல் எப்போது வாய்க்குள் போகிறது என்று கேளுங்கள்.

அட்ரினல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்ட்டிசால் பக்கம் வேறு விதமான ஆபத்து, இது பெரும்பாலும் மருந்துச் சீட்டிலிருந்து வருவது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமைக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதுவார்கள். அதே பிள்ளை புடெசொனைடு அல்லது ஃப்ளூட்டிகாசோன் இன்ஹேலரும் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்டீராய்டுகளைக் கல்லீரலில் உடைக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்சைமை இட்ராகோனசோல் முடக்கிவிடும். மூச்சுக் குழாயோடு நிற்க வேண்டிய மருந்து ரத்தத்தில் தேங்கி, மாத்திரை ஸ்டீராய்டு எடுத்த கதையாகும்: முகம் உப்பும், வயிறு மட்டும் பெருக்கும், உயரம் நிற்கும், பிள்ளையின் சொந்த கார்ட்டிசால் அடங்கிப்போகும். சி.எஃப். வீட்டில் எடை ஏறினால் எல்லோருக்கும் சந்தோஷம், அதனாலேயே இது மாதக்கணக்கில் கண்ணில் படாது. எடை ஏறி உயரம் ஏறாவிட்டால் சந்தேகப்படுங்கள். வொரிகோனசோல், போசகோனசோலுக்கும் இதே எச்சரிக்கை. இன்ஹேலர் தேவைதான் என்றால் பெக்லோமெத்தசோனில் இந்த மோதல் குறைவு.

கார்ட்டிசால் பார்க்க காலை 8 மணி ரத்தம். பிற்பகலில் எடுத்த குறைந்த எண்ணுக்கு மதிப்பில்லை, அந்நேரம் எல்லோருக்கும் குறையும். பிரெட்னிசோலோன் எடுப்பவர் முந்தைய நாள் காலை வேளைக்குப் பிறகு எடுக்காமல் 24 மணி நேரம் இடைவெளி விட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். பல லேப் கருவிகள் அந்த மருந்தையே கார்ட்டிசால் என்று எண்ணிவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அட்ரினல் மீண்டிருக்கிறது என்று கொள்ளலாம், 5க்குக் கீழே என்றால் இல்லை. நடுவில் இருந்தால் அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வாந்தியோடு கடும் காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி: 3 வயதுக்குள் 25 மில்லிகிராம், 12 வயதுக்குள் 50, அதற்கு மேல் 100. இதைச் சீட்டில் எழுதி வாங்கி அட்டையாகப் பையில் வைத்திருக்க வேண்டும், கேஷுவால்டியில் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வளர்ச்சி ஹார்மோன் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சி.எஃப்.இல் ஐ.ஜி.எஃப்.1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டிச் சுரக்கும் வளர்ச்சிக் காரணி) அளவு பிறவியிலேயே குறைவாக இருக்கலாம். ஊட்டம் குறைந்தாலும், ஓயாத அழற்சி இருந்தாலும் இன்னும் இறங்கும். குறைந்த ஐ.ஜி.எஃப்.1ஐப் பார்த்து ஊசிக்கு ஓடாதீர்கள். ஊசியால் உயரமும் எடையும் கூடுவதாகச் சோதனைகள் காட்டினாலும் இது வழக்கமான சிகிச்சை இல்லை, சர்க்கரையையும் ஏற்றும். முதலில் என்சைம், கலோரி, ஜி.டி.டி. இந்த வரிசை.

வைட்டமின் டியும் ஹார்மோன்தான். ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே போகக் கூடாது. 10 வயதுக்கு மேல் தினமும் 800 முதல் 2000 யூனிட் டி3யில் தொடங்கி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கொழுப்பு கலந்த சாப்பாட்டோடு, என்சைமோடு எடுத்தால்தான் உள்ளே போகும்; காலையில் வெறும் வயிற்றில் விழுங்கி வீணாக்குகிறவர்கள் ஏராளம். அளவு ஏறாவிட்டால் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும். அது உயர்ந்திருந்தால் எலும்பிலிருந்து கால்சியம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் 18 வயதில் எல்லோருக்கும். எடை மிகக் குறைவு, நீண்ட ஸ்டீராய்டு, பருவ தாமதம், எலும்பு முறிவு இருந்தால் 8 வயதிலிருந்தே.

தைராய்டில் சி.எஃப்.க்கென்று தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. முடிக்கென்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் இரண்டு நாள் நிறுத்திவிட்டு டி.எஸ்.ஹெச். (தைராய்டு பரிசோதனை) ரத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் எண் புரண்டு வரும்.

பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியோடு சளியும் கூடிக்குறைவது கற்பனை இல்லை. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது சூடோமோனாஸ் கிருமி வழவழப்பான உறை போட்ட வகைக்கு மாறுகிறது, நெஞ்சுத் தொற்றுகளும் சுழற்சியின் முதல் பாதியில் கூடுகின்றன என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். இதற்காக ஈஸ்ட்ரடையால் பார்க்கத் தேவையில்லை. சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று தெரியாத ஈஸ்ட்ரடையால் எண்ணால் பயனும் இல்லை. மாதவிடாய்த் தேதிகளையும் இருமல், ரத்தம் கலந்த சளி வந்த நாட்களையும் ஒரே காலண்டரில் குறித்து மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் காட்டுங்கள். கருப்பை வாய்ச் சளி கெட்டியாக இருக்கும், கரு தங்காது என்று நம்பி இருந்துவிடக் கூடாது, தங்கும், பழுதான குளோரைடு வாய்க்காலை வேலை செய்யவைக்கும் சி.எஃப்.டி.ஆர். மாடுலேட்டர் மருந்து தொடங்கிய பிறகு இன்னும் சுலபமாகத் தங்கும். லுமகாஃப்டர் கலந்த மருந்து எடுப்பவர்கள் ஹார்மோன் கருத்தடையை நம்ப முடியாது, அந்த மருந்து ஹார்மோனைச் சீக்கிரம் உடைத்துவிடும். எலெக்சகாஃப்டர் கலந்த மும்மருந்தில் அந்தச் சிக்கல் இல்லை. மார்பில் மருந்து ஏற்றும் போர்ட் பொருத்தியவர்களும் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு முன் ரத்தக் கட்டி ஆபத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கர்ப்பத்தில், ஏற்கெனவே நீரிழிவு இல்லாதவருக்கு, 12 முதல் 16ஆம் வாரத்துக்குள் ஒரு ஜி.டி.டி., 24 முதல் 28க்குள் இன்னொன்று.

அந்த மும்மருந்து (அமெரிக்காவில் 2019 அக்டோபரில் அனுமதி) தொடங்கியவர்களில் சிலருக்கு இன்சுலின் தேவை குறைகிறது. பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும், எனவே முதல் சில வாரம் அடிக்கடி குத்திப் பாருங்கள். இட்ராகோனசோலோடு சேர்ந்தால் மும்மருந்தின் அளவையும் குறைக்க வேண்டும்.

ஆண்களுக்கு இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதிருந்தால் போதும். சி.எஃப். ஆண்களில் 97, 98 சதவீதம் பேருக்கு விந்துக் குழாய் பிறவியிலேயே இல்லை. விதைப்பை வேலை செய்கிறது, வழிதான் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பது தனிப் பிரச்சினை. அதைப் பார்க்க காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் இல்லாத காலத்தில், இரண்டு தனித்தனி நாளில் ரத்தம் எடுக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு இருந்தால் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. புரதம் கூடி, மொத்த அளவு நன்றாகத் தெரியும், உடம்புக்குக் கிடைப்பதோ குறைவு; எனவே அந்தப் புரதத்தையும், விதைப்பையைத் தூண்டும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். குறைவு உறுதியானாலும், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டால் மூளை எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். அனுப்புவதை நிறுத்தும், விந்தணு உற்பத்தி அடங்கும், விதைப்பையிலிருந்து ஊசியில் எடுத்து இக்ஸி (விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்வதற்கும் எதுவும் கிடைக்காமல் போகலாம். முதலில் எடுத்து உறைய வைத்துவிட்டுப் பிறகு ஊசி. தொடங்கிய பின் ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தாண்டினால் நிறுத்துவார்கள். ஆக்சிஜன் குறைந்த நுரையீரலில் அந்த எண் ஏற்கெனவே உயரத்தில் நிற்கலாம் என்பதால் ஊசிக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.